முதல் தோல்வார் எது? தொங்கும் வார், பலகை வார், கையால் ஒட்டியது, பசைக் கட்டை: ஓர் ஒப்பீடு

"அண்ணா, கத்தி வந்துடுச்சு. தீட்டுற தோலு எதை வாங்கட்டும்?"

போன மாதம் ஒரு தம்பி இப்படிக் கேட்டு, கூடவே மூன்று படங்களையும் அனுப்பியிருந்தான். கொக்கியில் மாட்டித் தொங்கவிடும் நீளமான வார் ஒன்று, கைப்பிடி வைத்த பலகையில் ஒட்டிய தோல் ஒன்று, பச்சைப் பசை பூசிய மரக்கட்டை ஒன்று. மடக்குச் சவரக்கத்தி வாங்குகிற எல்லோரும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். கத்தியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள், வாரில் குழம்பிவிடுகிறார்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு சலூன் நாற்காலிக்குப் பக்கத்தில் தொங்கிய கறுத்த தோல் நினைவிருக்கும். கடைக்காரர் கத்தியை அதில் சட்டுச் சட்டென்று இரண்டு பக்கமும் இழுத்து, கடைசியாகத் தன் இடது உள்ளங்கையில் இரண்டு தடவை தடவிவிட்டுத்தான் நம் கன்னத்துக்கு வருவார். இப்போது சலூன்களில் பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் கத்திதான். நோய்த்தொற்றைத் தடுக்க வந்த நல்ல மாற்றம் அது. ஆனால் அதோடு, வாரில் இழுக்கும் கையைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பும் போய்விட்டது. பார்த்துப் பழக ஆள் இல்லாதவர்கள் எந்த வாரில் பழகத் தொடங்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

வாரில் என்ன நடக்கிறது

கத்தியின் வெட்டும் ஓரத்தை வாய் என்றும், எதிர்ப்பக்கத்துத் தடித்த ஓரத்தை முதுகு என்றும் இங்கே சொல்கிறேன். சாணைக்கல் எஃகைத் தேய்த்து வாயை உண்டாக்குகிறது. வெறும் தோல் அந்த வேலையைச் செய்வதில்லை. சவரம் செய்யும்போது வாயின் மெல்லிய விளிம்பு முடியில் பட்டுப் பட்டு நுண்ணிய அளவில் வளைகிறது, அங்கங்கே சிதைகிறது. முடி எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் முடியை வெட்டும்போது பிளேடின் விளிம்பு பொடியாக உடைவதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் படம்பிடித்து, 2020-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் தோலில் இழுப்பது அந்த வளைந்த விளிம்பை நேராக்குவதற்கு, வழவழப்பாக்குவதற்கு. ஒழுங்காக இழுத்து வந்தால் சாணைக்கல் பக்கம் பல மாதங்களுக்குப் போக வேண்டியிருக்காது. தப்பாக இழுத்தால், நல்ல சாணை பிடித்த கத்தியை ஐந்தே நிமிடத்தில் மழுக்கிவிடலாம்.

இழுக்கும் முறை சொல்லக் கேட்டால் எளிது. முதுகும் வாயும் சேர்ந்து தோலில் படிய வேண்டும். முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னே வர வேண்டும். கோடிக்குப் போனதும் முதுகின் மேலேயே கத்தியைப் புரட்டி, மறுபக்கத்தைப் படியவைத்துத் திரும்பி வர வேண்டும். புரட்டும்போது தோலை விட்டு மேலே எழ வேண்டியது வாய். முதுகு எழவே கூடாது.

நான் பழகத் தொடங்கிய முதல் வாரத்திலேயே வாரை வெட்டிவிட்டேன். முதல் வெட்டு ஒரு சென்டிமீட்டர் இருக்கும், நகம்போல வளைந்த ஒரு செதில். மாதம் முடிவதற்குள் ஐந்து வெட்டுகள். ஒரு நாள் அந்த வாரைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. ஐந்தும் மேல்கொக்கிக்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்குள் இருந்தன. நடுவில் ஒன்றுகூட இல்லை. கத்தி தோலை வெட்டுவது இழுப்பில் இல்லை, திருப்பத்தில். கத்தி முழுதாகப் புரளும் முன்பே கை திரும்பி வரத் தொடங்கிவிடுகிறது. அந்த ஒரு கணத்தில் வாய் முன்னே இருக்கிறது, தோலுக்குள் இறங்குகிறது. வாரை வெட்டிய எந்தப் புதியவரைக் கேட்டாலும் அநேகமாக இதைத்தான் சொல்வார்.

அதனால் முதல் வாரைத் தேர்ந்தெடுக்கும்போது தோலின் பெருமையைவிட, திருப்பத்தில் உங்கள் கைக்கு அது எவ்வளவு நிதானம் கொடுக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

எதை வைத்து எடை போடுவது

முதலாவது இந்தத் திருப்பம். கோடியில் நிறுத்திப் புரட்ட வசதியாக இருக்கிறதா, தோல் ஆடுகிறதா, அசையாமல் நிற்கிறதா?

இரண்டாவது தொய்வு. தோல் தொய்ந்தால் அது கத்தியின் வாயைச் சுற்றி மேலேறும். அப்படி ஏறினால் கூர் உருண்டுவிடும். புதியவர் கத்தி மழுங்கிவிட்டது என்று சாணைக்கு அனுப்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மூன்றாவது, வெட்டு விழுந்தால் என்ன செலவு என்பது. விழும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது உங்கள் வீடு. கொக்கி மாட்ட இடம் உண்டா? மழைக்காலத்தில் தோல் பூஞ்சை பிடிக்குமா? குழந்தைகள் கைக்கு எட்டுமா?

ஐந்தாவதாகத்தான் கத்திக்குக் கிடைக்கும் மெருகு. கடைகள் இதைத்தான் முதலில் பேசும். ஆனால் கை பழகாதவருக்கு எல்லா வாரும் ஏறக்குறைய ஒரே மெருகைத்தான் கொடுக்கும். குதிரையின் பின்தொடைத் தோலில் செய்யும் ஷெல் கார்டோவன் வார் அருமையான பொருள். ஜப்பானின் கனயாமா வார்களை வைத்திருப்பவர்கள் அதைப் பொன்போலப் பாதுகாப்பார்கள். அவற்றை இரண்டாம் வருடத்தில் யோசிக்கலாம்.

தொங்கும் வார்

பழைய சலூன் வார் இதுதான். ஒரு முனை கொக்கியில், மறுமுனை இடது கையில். பெரும்பாலும் இரண்டு அடுக்கு இருக்கும்: ஒன்று தோல், இன்னொன்று கித்தான் அல்லது லினன் துணி. முதலில் துணியில் 20, 30 சுற்று, அப்புறம் தோலில் 50, 60 சுற்று என்பது பரவலான வழக்கம். போய் வருவது ஒரு சுற்று. துணி வாயில் ஒட்டியிருப்பதைத் துடைத்தெடுக்கிறது, தோல் முடித்துவைக்கிறது.

இதன் நல்ல குணங்களில் முதலாவது நீளம். நீளம் இருந்தால் திருப்பங்கள் குறையும். கைப்பிடி போக 40 சென்டிமீட்டர் இழுக்கக் கிடைக்கும் வாரில், 20 சென்டிமீட்டர் பலகையில் செய்வதைவிடப் பாதித் திருப்பத்தில் அதே தூரத்தை இழுத்துவிடலாம். இரண்டாவது, தொங்கும் தோல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பழைய கத்திகள் பலவற்றில் வாய் நேர்க்கோடாக இருக்காது. தேய்ந்து தேய்ந்து பிறைபோல லேசாக வளைந்திருக்கும், சிலது முறுக்கிக்கொண்டும் இருக்கும். அப்படிப்பட்ட கத்தி பலகையில் முழுக்கப் படியாது. தொங்கும் வாரில் படியும்.

கெட்ட குணமும் அதே விட்டுக்கொடுப்பில்தான் இருக்கிறது. வாரின் விறைப்பு முழுக்க உங்கள் இடது கையைப் பொறுத்தது. வலது கை திருப்பத்தைப் பற்றிக் கவலைப்படும்போது இடது கை தானாகத் தளர்ந்துவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. வெட்டு விழுந்த ஐந்து தடவையும், முதலில் தொய்ந்தது தோல்தான் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு கையும் ஒரே நேரத்தில் புது வேலையைக் கற்க வேண்டியிருப்பதுதான் தொங்கும் வாரின் உண்மையான விலை.

மறைந்திருக்கும் செலவுகள் இன்னும் உண்டு. சுவரில் ஆணியடித்த கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். மரச்சட்டத்திலோ, திருகாணி இறக்கிய சுவரிலோ மாட்ட வேண்டும். வாடகை வீட்டில் துளைபோடச் சம்மதம் வேண்டும். வசதியாக இருக்கிறது என்று குளியலறையில் மாட்டுபவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் குளியலறைச் சுவரில் தொங்கும் தோலில் வெள்ளைப் பூஞ்சை படரும். அதைத் துடைத்தாலும் தோலின் வழவழப்பு பழையபடி வராது.

பலகை வார்

தட்டையான மரத்தில் தோலை ஒட்டி, ஒரு முனையில் கைப்பிடி வைத்தது. மேசையில் வைத்தோ, மடியில் சாய்த்தோ, கையில் பிடித்தோ இழுக்கலாம். தொய்வு என்ற பேச்சே இல்லை. இடது கைக்கு ஆடாமல் பிடித்துக்கொள்வதைத் தவிர வேறு வேலை இல்லை. அதனால் உங்கள் கவனம் முழுவதையும் திருப்பத்தில் வைக்கலாம். புதியவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது இரண்டிலும் பழகியவருக்குத்தான் தெரியும்.

ஆனால் கடையில் கிடைக்கும் பலகைகளில் மூன்று விஷயங்களைப் பார்த்து வாங்க வேண்டும்.

முதலாவது நீளம். பலவற்றில் கைப்பிடி போகத் தோல் ஒரு சாண்தான் இருக்கும். திருப்பங்கள் இரட்டிப்பாகும். அடிக்கடி திருப்புவது நல்ல பயிற்சிதானே என்று கேட்கலாம். அவசரமாகத் திருப்புவது பயிற்சி ஆகாது. இடம் குறைந்தால் கை அவசரப்படும்.

இரண்டாவது தட்டைத்தன்மை. பலகை வளைந்திருந்தால் கத்தி நடுவில் மட்டும் படியும், அல்லது இரண்டு ஓரத்தில் மட்டும் படியும். கடையிலேயே ஓர் இரும்பு ஸ்கேலை நிறுத்திவைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஸ்கேலுக்கும் தோலுக்கும் இடையே வெளிச்சம் கசிந்தால் அந்தப் பலகை வேண்டாம். இணையத்தில் வாங்கினால் வந்த அன்றே இதைச் செய்துவிட வேண்டும், திருப்பி அனுப்பும் நாட்கள் முடிவதற்குள்.

மூன்றாவது, இரண்டு பக்கமும் தோல் ஒட்டி ஒரு பக்கத்தில் எஃகைத் தேய்க்கும் பச்சைப் பசை பூசிக் கொடுக்கும் பலகைகள். பார்க்கச் சிக்கனமாகத் தெரியும். ஆனால் பசையின் துகள் கத்தியிலும் விரலிலும் ஒட்டிக்கொண்டு வெறும் தோல் பக்கத்துக்கும் வந்துவிடும். அப்புறம் வெறும் தோல் என்று ஒரு பக்கம் இருக்காது. தோலில் ஏறிய பசையை முழுக்க எடுப்பது கடினம்.

கையால் ஒட்டிய பலகை

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன். நம் ஊரில் இருப்பவர்களுக்கு இதுதான் நல்ல தொடக்கம் என்று நம்புகிறேன். காரணம், தோல் நம் வாசலில் கிடைக்கிறது.

வாருக்கு வேண்டியது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். குரோம் உப்பில் பதனிட்டது மெத்தென்று இருக்கும், இழுத்தால் நீளும். சோபாவுக்கும் கையுறைக்கும் நல்லது, வாருக்கு ஆகாது. திண்டுக்கல், திருச்சி, ஈரோட்டுப் பக்கத் தோல் பதனிடும் கூடங்களிலிருந்து போகும் பட்டைத்தோலுக்கு ஏற்றுமதிச் சந்தையில் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர் என்று தனிப் பெயரே உண்டு. புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையைக் கொண்டுதான் அதைப் பதனிட்டார்கள். சென்னையில் இருப்பவர்கள் பெரியமேட்டுத் தோல் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். மாட்டுத்தோலோ எருமைத்தோலோ, இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் தடிமனில், தழும்பும் உண்ணிக்கடித் தடமும் இல்லாத துண்டாகக் கேளுங்கள். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பாக இருந்தால் பட்டைத்தோல். நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் குரோம்.

பலகைக்கு நன்றாகக் காய்ந்த தேக்கு, இல்லையென்றால் வளையாத நல்ல பிளைவுட். 45 சென்டிமீட்டர் நீளம், எட்டு சென்டிமீட்டர் அகலம் போதும். தச்சரிடம் இழைத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்குச் செருப்புத் தைப்பவர் பயன்படுத்தும் ரப்பர் பசைதான் சரி. பலகையிலும் தோலின் அடிப்பக்கத்திலும் மெல்லிசாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, ஒரு முனையிலிருந்து அழுத்திக்கொண்டே வர வேண்டும். பசை ஓரிடத்தில் கட்டியாக நின்றால் அது மேலே மேடாகத் தெரியும், கத்தி அந்த மேட்டில் தட்டும். கடைசியில் தோலின் நான்கு ஓரங்களையும் உப்புத்தாளால் தேய்த்துச் சரிவாக்கிவிடுங்கள். கூரான ஓரம் இருந்தால் கத்தி அதில் மாட்டும்.

ஒட்டிய நாளில் தோல் உலர்ந்து, ஈர்ப்பே இல்லாமல் இருக்கும். எண்ணெய் ஊற்றிவிடத் தோன்றும். வேண்டாம். தினமும் சுத்தமான உள்ளங்கையால் ஐந்து நிமிடம் அழுத்தித் தேய்த்துக்கொடுங்கள். கையின் சூடும் கையில் இயல்பாக இருக்கும் எண்ணெய்ப்பசையும் போதும். ஒரு வாரத்தில் தோல் மினுக்கம் காட்டத் தொடங்கும். கத்தியை வைத்து இழுத்தால் லேசாகப் பிடித்துப் பிடித்து விடுவதுபோல ஓர் உணர்வு வரும். அதுதான் ஈர்ப்பு.

வெட்டு விழுந்தால்? செதில் எழுந்திருந்தால் அதன் அடியில் துளிப் பசை வைத்து ஒட்டி, காய்ந்ததும் நுண்ணிய உப்புத்தாளால் சமப்படுத்துங்கள். வெட்டு ஆழமென்றால் தோலை உரித்துவிட்டுப் புதுத் துண்டை ஒட்டுங்கள். பலகை அப்படியே இருக்கும். கடையில் வாங்கிய வாரை வெட்டினால் வரும் வருத்தம் இதில் வராது. வருத்தம் இல்லாத கை நிதானமாகத் திரும்பும்.

இதன் மறைந்த செலவு நேரம்தான். தோல் தேடி ஒரு நாள், தச்சரிடம் ஒரு நடை, ஒட்டிக் காயவைத்துத் தேய்த்துப் பழக்க ஒரு வாரம். கத்தி வந்த அன்றே சவரம் செய்ய நினைப்பவருக்கு இது சரிவராது.

பசை பூசிய கட்டை

பால்சா மரத்திலோ தோலிலோ குரோமியம் ஆக்சைடு என்ற பச்சைப் பசையைப் பூசியது. துகள் அரை மைக்ரான் அளவில் இருக்கும். இது எஃகைத் தேய்க்கும். ஆகவே வாரைவிடச் சாணைக்கல்லுக்குத்தான் நெருங்கிய உறவு. கத்தி பிடித்திழுக்கத் தொடங்கும்போது சில வாரங்களுக்கு ஒரு தடவை பத்துச் சுற்று போனால் சாணையைத் தள்ளிப்போட உதவும். ஆனால் முதல் வாராக இதை வாங்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலையில் தப்பாக இழுத்து மழுக்கியதைப் பசை சாயங்காலம் சரிசெய்துவிடும். உங்கள் கை தப்பு செய்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும். தினமும் பயன்படுத்தினால் வாயும் மெல்ல மெல்ல உருண்டுபோகும்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | தொங்கும் வார் | கடைப் பலகை | கையால் ஒட்டிய பலகை | பசைக் கட்டை |
|---|---|---|---|---|
| திருப்பம் | இடம் தாராளம், தோல் ஆடும் | ஆடாது, இடம் குறைவு | ஆடாது, இடமும் உண்டு | ஆடாது |
| தொய்வு | இடது கையைப் பொறுத்தது | இல்லை | இல்லை | இல்லை |
| வெட்டு விழுந்தால் | முழு வாரும் பழுது | தோலை மாற்றுவது சிரமம் | துண்டை மாற்றினால் போதும் | மரத்தை இழைத்து மறுபடி பூசலாம் |
| வளைந்த பழைய கத்தி | நன்றாகப் படியும் | படியாது | படியாது | படியாது |
| மறைந்த செலவு | கொக்கி, பூஞ்சை, பழகும் காலம் | வளைந்த பலகை | தேடும் நேரம் | தப்பு மறைந்துபோவது |

அகலம்: 2 அங்குலமா, 3 அங்குலமா

இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. கத்தியின் வாய் ஏறக்குறைய 7 முதல் ஏழரை சென்டிமீட்டர். 3 அங்குல வாரில் வாய் முழுவதும் ஒரே நேரத்தில் படியும், நேராக இழுத்தால் போதும். 2 அங்குல வாரில் அடியிலிருந்து நுனிவரை தோலில் படுவதற்குக் குறுக்காக, சாய்கோட்டில் இழுக்க வேண்டும். பழகியவர்கள் அதில் அழகாக இழுக்கிறார்கள். புதியவர் ஏற்கெனவே நான்கு விஷயங்களை நினைவில் வைத்திருக்கிறார், ஐந்தாவது எதற்கு? 3 அங்குலமே வாங்குங்கள்.

யாருக்கு எது

என்னைக் கேட்டால் இந்த வரிசை: கையால் ஒட்டிய பலகையில் இரண்டு மாதம், அப்புறம் சாதாரண மாட்டுத்தோலில் 3 அங்குலத் தொங்கும் வார். திருப்பம் கைக்கு வந்த பிறகு, இடது கைக்கு விறைப்பாகப் பிடிக்கும் ஒரே ஒரு புது வேலைதான் மிச்சமிருக்கும். நான் தொங்கும் வாரில் தொடங்கியதால் இரண்டையும் சேர்த்துக் கற்க வேண்டியிருந்தது. அந்த ஐந்து வெட்டுகளும், சாணைக்குப் போய் வந்த இரண்டு தடவையும் அதன் பலன்.

ஆனால் தாத்தாவின் கத்தியையோ பழைய சந்தைக் கத்தியையோ வைத்திருப்பவர், முதலில் அதைத் தட்டையான கண்ணாடியில் படுக்கவைத்துப் பார்க்க வேண்டும். தட்டினால் ஆடுகிறது, அல்லது வாய் முழுக்கக் கண்ணாடியைத் தொடவில்லை என்றால் பலகை உங்களுக்கு உதவாது. நேராகத் தொங்கும் வாருக்குப் போங்கள். விலை குறைந்ததாக வாங்குங்கள், நிதானமாக இழுங்கள்.

வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் சவரம் செய்பவர் பலகையிலேயே தங்கிவிடலாம். விடுதியில் இருப்பவர், அடிக்கடி ஊர் மாறுபவர், கொக்கி மாட்ட வழியில்லாதவர் நல்ல நீளமான கடைப் பலகை ஒன்றை ஸ்கேல் வைத்துப் பார்த்து வாங்கலாம்.

காலையில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பத்தே நிமிடம்தான் இருக்கிறது என்றால், பாதிப் பிளேடு செருகும் சலூன் கத்தியே நல்லது. அதற்கு வாரே வேண்டாம். வாரில் இழுப்பதற்குச் சவரத்துக்கு முன் அமைதியான ஐந்து நிமிடம் கட்டாயம் வேண்டும். அது கிடைக்காத வாழ்க்கையில் எந்த வாரும் நல்ல வார் ஆகாது.

வாங்கிய பிறகு முதல் மாதம்

கத்தியை, சாணை பிடிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துச் சவரத்துக்குத் தயாராக வாங்கிக்கொள்ளுங்கள். புதுக் கத்தி பெட்டியிலிருந்து வரும்போது பெரும்பாலும் சவரத்துக்குத் தயாராக இருக்காது. தயாரான கத்தியில் முதல் சவரத்தை வாரில் இழுக்காமலே செய்யுங்கள். நல்ல கூர் கன்னத்தில் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரியும். இரண்டாவது சவரத்துக்கு முன் இழுங்கள். முதல் தடவை வழுக்கிக்கொண்டு போன கத்தி இரண்டாம் தடவை பிடித்திழுத்தால், குறை கத்தியில் இல்லை, வாரில் இழுத்த விதத்தில் இருக்கிறது.

அந்த இரண்டாவது சவரத்துக்கு முன்பே, மழுங்கிய பழைய கத்தி ஒன்றோ வெண்ணெய் தடவும் கத்தியோ வைத்துத் திருப்பத்தை மட்டும் பழகலாம். பலகையின் மேல் நான்காக மடித்த செய்தித்தாளை இறுக்கமாகக் கட்டி அதில் பழகுவது இன்னும் நல்லது. வெட்டினால் தாளை மாற்றிவிடலாம். நான் மனசுக்குள் நான்கு சொல் சொல்லிக்கொண்டுதான் பழகினேன்: நிறுத்து, புரட்டு, படியவிடு, இழு. நான்கும் தனித்தனியாக நடக்க வேண்டும். கத்தியைக் கழுத்துப் பகுதியில், அதாவது வாய் முடிந்து மடக்கும் மூட்டு தொடங்குவதற்கு இடைப்பட்ட இடத்தில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, பென்சிலை உருட்டுவதுபோல விரல்களால் உருட்டுங்கள். மணிக்கட்டை முறுக்கினால் முதுகு தோலை விட்டு எழும். முதுகு எழுந்தால் வாய் இறங்கும்.

வேகம் வேண்டாம். சலூனில் கேட்ட அந்தச் சட்டுச் சட்டு ஒலிக்குப் பின்னால் ஒரு நாளைக்கு எத்தனையோ தலைகள் பார்த்த கை இருந்தது. முதல் மாதத்தில் 30 சுற்று, ஒவ்வொன்றும் நிதானமாக. கத்தியின் எடையே அழுத்தமாக இருக்கட்டும். மேலே விரல் வைத்து அழுத்தினால், பலகையிலும்கூட மெத்தென்ற தோல் வாயைச் சுற்றி ஏறும்.

சவரம் முடிந்ததும் கத்தியைத் துடைத்து, துணியில் பத்துச் சுற்று இழுத்து ஈரத்தை எடுங்கள். கார்பன் எஃகுக் கத்தியென்றால் நம் ஊர்க் காற்றிலேயே ஒரே இரவில் புள்ளிபோலத் துரு விழும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டைத் தடவிவைத்து, அடுத்த தடவை வாரில் வைக்கும் முன் நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெயோடு இழுத்தால் தோல் வழுக்கலாகி ஈர்ப்பு போய்விடும்.

தாத்தாவின் வார் இருந்தால்

சில வீடுகளில் பரண்மேல் பழைய வார் ஒன்று சுருண்டு கிடக்கும். புது வார் வாங்குவதற்கு முன் அதை எடுத்துப் பாருங்கள். மெதுவாக வளைத்தால் மேற்பரப்பில் மெல்லிய வெடிப்பு விரிகிறதா? அப்படியென்றால் அதில் கத்தியை வைக்காதீர்கள். வெடிப்பின் ஓரம் வாயைப் பிடித்துவிடும். வெடிப்பு இல்லை, விறைப்பு மட்டும்தான் என்றால், சவர சோப்பை நன்றாக நுரைத்து வெறும் நுரையை மட்டும் தோலில் தடவித் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, நிழலில் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். அப்புறம் உள்ளங்கையால் தேய்க்கத் தொடங்குங்கள். கறுப்பாகவோ பச்சையாகவோ சிவப்பாகவோ விரலில் ஒட்டினால் அந்தக் காலத்தில் அதில் பசை பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தினசரி வேலைக்கு அது வேண்டாம். எதுவும் ஒட்டாமல், நாலைந்து நாளில் கைக்குக் கீழே மெல்ல இளகி மினுங்க ஆரம்பித்தால், மழுங்கிய கத்தி ஒன்றை வைத்து ஒரு சுற்று இழுத்துப் பாருங்கள். பிடித்துப் பிடித்து விடுகிற அந்த உணர்வு வந்தால், புது வாருக்கு எடுத்துவைத்த பணத்தில் நல்ல கொக்கி ஒன்று வாங்கி, குளியலறைக்கு வெளியே, இடுப்பு உயரத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.